தீபம் முடிஞ்சாச்சு, குடையை மடிச்சாச்சா? அவசரப்படாதீங்க!

கார்த்திகை விளக்கு அணைந்த பிறகு சென்னையைப் புரட்டிப் போட்ட மழைகள்

குளியல் அறையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்து நிற்கிறது. இட்லி மாவு விடிந்த பிறகும் பொங்கவில்லை. வாசலில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட்டைத் தடவினால் கையெல்லாம் ஈரம். டீக்கடையில், "இஞ்சி தட்டிப் போடவா சார்?" என்று கேட்கும்போதே மாஸ்டர் தட்டி முடித்து விடுகிறார்.

சென்னைக்குப் பனிக்காலம் வருவது இப்படித்தான். காஷ்மீர் மாதிரி மரங்கள் மொட்டையாவது இல்லை. ஊட்டி மாதிரி புல்லில் வெள்ளை படிவதும் இல்லை. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை. பிறகு ஒரு நாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் மூக்கு சில்லென்கிறது. அவ்வளவுதான்!

அன்றைக்கே வீடுகளில் ஒரு வேலை நடக்கும். குடையும் ரெயின்கோட்டும் பரணுக்குப் போகும். மப்ளரும் குரங்குக் குல்லாயும் பரணில் இருந்து இறங்கும். கடைக்காரர் வாசலில் கட்டிய தார்ப்பாயை அவிழ்ப்பார். பலகை மேல் ஏற்றி வைத்த அரிசி மூட்டைகளைப் பழையபடி தரைக்கு இறக்குவார்.

"தீபம் முடிஞ்சிருச்சே! இனிமே ஏதுங்க மழை?"

கேட்டால் பழமொழியும் தயாராக இருக்கிறது. "கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை."

கர்ணன் விஷயம் இருக்கட்டும். மழை விஷயத்தில் இந்தப் பழமொழியை நம்பிய சென்னைவாசி, எட்டே ஆண்டுகளில் மூன்று முறை ஏமாந்து இருக்கிறார். ஏமாந்தது சாதாரணமாகவா? கட்டில், பீரோ, பள்ளிக்கூட சர்டிபிகேட், கடைச் சரக்கு எல்லாம் தண்ணீரோடு போகிற அளவுக்கு ஏமாந்தார்.

ஆறாம் நாள் வந்த வெள்ளம்

2015-ம் ஆண்டு கார்த்திகை தீபம் நவம்பர் 25-ந் தேதி வந்தது. அந்த நவம்பரில் மட்டும் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை. 1918-க்குப் பிறகு அப்படி ஒரு நவம்பரை நகரம் கண்டதில்லை. மாதக் கடைசியில் வேகம் குறைந்தது. ஜனங்கள் அப்பாடா என்றார்கள். நனைந்த பாயை வெயிலில் போட்டார்கள்.

தீபம் முடிந்து ஆறாம் நாள், டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. வானம் பொத்துக் கொண்டது!

மறுநாள் காலை எட்டரை மணி வரை தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. பழைய கணக்கில் 19 அங்குலத்துக்கு மேல். ஒரே நாளில் முழங்கால் உயரம் மழை பெய்தது என்று வைத்துக் கொள்ளலாம். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையே சராசரியாக 140 செ.மீ.தான். மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் இறங்கியது.

செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. கன அடி என்றால் பலருக்குப் புரியாது. 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியைத் தெருவில் பார்த்து இருப்பீர்கள். அந்த லாரி ஒரு வினாடிக்கு 68! அடுத்த வினாடிக்கு இன்னொரு 68! இரவெல்லாம் இப்படி வந்தால் எப்படி இருக்கும்? அதோடு தாம்பரம், முடிச்சூர் பக்கம் பெய்த மழையும் அடையாற்றில்தான் வந்து விழுந்தது.

ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் ஆற்றங்கரையில் இருந்தவர்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தோளில் போட்டுக் கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார்கள். சைதாப்பேட்டை பாலம் மூடப்பட்டது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதை எது, ஆறு எது என்று தெரியவில்லை. பயணிகள் விமானம் மறுபடி பறந்தது டிசம்பர் 6-ந் தேதிதான். ஆங்கில நாளிதழான 'தி இந்து' டிசம்பர் 2-ந் தேதி சென்னையில் அச்சாகவில்லை. அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை. 1878-ல் பத்திரிகை தொடங்கிய நாள் முதல் இப்படி நடந்ததே இல்லை என்று அப்போது சொல்லப்பட்டது.

தீபத்தன்றே வந்த 'ரோஜா'

அடுத்த ஆண்டு, 2016. தீபம் தள்ளி வந்தது. டிசம்பர் 12, திங்கட்கிழமை. அகல் விளக்கும் பொரி உருண்டையும் வாங்கி வைத்து இருந்தார்கள். விளக்கு ஏற்ற வேண்டிய அந்த நாளிலேயே சென்னை மீது ஏறி வந்தது வர்தா புயல்!

பாகிஸ்தான் சூட்டிய பெயர் அது. அர்த்தம் சிவப்பு ரோஜாவாம். ரோஜா செய்த காரியத்தைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. புயலின் கண் நகரத்தின் மேலேயே கடந்ததால், நடுவில் கொஞ்ச நேரம் காற்று அடங்கியது. "முடிஞ்சு போச்சுப்பா" என்று வெளியே எட்டிப் பார்த்தவர்களை, எதிர்ப்பக்கத்தில் இருந்து திரும்பி வந்த காற்று வீட்டுக்குள் தள்ளியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புறநகர் ரெயில்கள் நின்றன. விமான நிலையம் மூடப்பட்டது. பல தெருக்களில் கரண்ட் வர நாட்கள் ஆயின. ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகி இருந்தது. கையில் காசு இல்லை, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை, வீட்டில் விளக்கும் இல்லை!

மூன்றாவது, 2023. தீபம் நவம்பர் 26. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 3 ஞாயிறு, 4 திங்கள். மிக்ஜாம் புயல் சென்னையைத் தொடவே இல்லை. ஆந்திராவில் பாபட்லா அருகே 5-ந் தேதிதான் கரை ஏறியது. ஆனால் போகிற வழியில் சென்னைக்கு எதிரே கடலில் ஆமை மாதிரி நகர்ந்தது. அது நகர நகர இங்கே கொட்டியது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் தெருக்களில் படகு ஓடியது. பேசின் பிரிட்ஜ் – வியாசர்பாடி நடுவே உள்ள 14-ம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறியதால் சென்ட்ரலில் இருந்து ரெயில்கள் கிளம்ப முடியவில்லை. பால் பாக்கெட்டுக்கு வரிசை நின்றது. அகப்பட்ட விலைக்கு விற்றவர்களும் உண்டு. வேளச்சேரியில் கட்டடத்துக்குத் தோண்டிய பெரும் பள்ளத்தில் மண் சரிந்து சிக்கிய இரண்டு தொழிலாளர்களின் உடல்களை எடுக்க நாலைந்து நாள் ஆயிற்று.

ஐப்பசி மழையை மண் குடிக்கும்

சரி, கார்த்திகைக் கடைசியில் பெய்தால் மட்டும் ஏன் இந்தப் பாடு? ஐப்பசியில் பெய்யாத மழையா?

விஷயம் மேகத்தில் மட்டும் இல்லை. தரையிலும் இருக்கிறது. ஐப்பசியில் மழை தொடங்கும்போது மண் கோடையில் காய்ந்து கிடக்கும். பெய்வதில் பாதியைத் தாகத்தோடு குடித்து விடும். ஏரிகளும் பாதி காலியாக இருக்கும். வருகிற தண்ணீரை வாங்கி வைத்துக் கொள்ளும். இரண்டு மாதம் கழித்து மண்ணின் வயிறு நிறைந்து விடுகிறது. கிணறு மேல் படிக்கட்டு வரை நிற்கிறது. ஏரி தளும்புகிறது. அதன் பிறகு விழுகிற மழைக்குப் போக இடம் ஏது? தெருவுக்குத்தான் வந்தாக வேண்டும். ஐப்பசியில் 20 செ.மீ. பெய்தால் பள்ளிக்கு லீவு. டிசம்பரில் அதே 20 செ.மீ. பெய்தால் வீட்டுக்குள் மீன்!

"அப்படின்னா ஏரியை முன்னாடியே திறந்து விட்டுட வேண்டியதுதானே?" என்று டீக்கடையில் கேட்பார்கள். கேட்பது சுலபம். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதுவும் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளும் சேர்ந்துதான் சித்திரை, வைகாசியில் நம் வீட்டுக் குழாயில் வருகிறது. திறந்து விட்ட பிறகு மழை பெய்யாமல் போனால்?

அதையும் சென்னை பார்த்து விட்டது. 2018-ல் பருவமழை ஏமாற்றியது. 2019 ஜூனில் ஏரிகள் விளையாட்டு மைதானம் ஆயின. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரெயிலில் வந்து இறங்கியது. குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் மறந்து இருக்க மாட்டார்கள். டிசம்பரில் மதகுக்குப் பக்கத்தில் நிற்கிற அதிகாரிக்கு ஒரு கண்ணில் 2015, மறு கண்ணில் 2019.

பழமொழி பொய்யா?

முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. சென்னையில் நவம்பர் மாதம் பெய்கிற சராசரி மழையில் ஏறக்குறைய பாதிதான் டிசம்பரில் பெய்கிறது. ஜனவரியில் வெறும் தூறல். மழை தரும் காற்றழுத்தத் தாழ்வுகள் மார்கழி நெருங்க நெருங்கத் தெற்கே இறங்கி, இலங்கைப் பக்கமும் டெல்டாப் பக்கமும் போய் விடும். பெரியவர்கள் பார்த்துத்தான் சொல்லி இருக்கிறார்கள்.

நாம்தான் அவசரக்காரர்கள். பழமொழி கார்த்திகை மாதத்தைச் சொல்கிறது. நாம் கார்த்திகை தீபத்தோடு முடித்துக் கொள்கிறோம். தீபம் ஒரு வருஷம் நவம்பர் 25, மறு வருஷம் டிசம்பர் 12 என்று பவுர்ணமியை ஒட்டி முன்னும் பின்னும் வரும். மாதம் முடிவது டிசம்பர் நடுவில். மேலே சொன்ன மூன்று மழையும் கார்த்திகை மாதத்துக்குள் வந்தவைதான்.

மார்கழி மட்டும் சும்மா இருந்ததா என்றால் அதுவும் இல்லை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போனதும், பாம்பனில் இருந்து போன ரெயில் பயணிகளோடு மூழ்கியதும் 1964 டிசம்பர் 22-ந் தேதி நள்ளிரவை ஒட்டி. கடலூர், புதுச்சேரிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த தானே புயல் 2011 டிசம்பர் 30. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரெயில் சுமார் 800 பயணிகளோடு நின்றது 2023 டிசம்பர் 17. கோயில்களில் மார்கழி பூஜை தொடங்கிய நேரம் அது.

சென்னைக் குமாஸ்தாக்கள் மறக்க முடியாத தேதி இன்னொன்று. 2021 டிசம்பர் 30, வியாழன். புயலும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மத்தியானம் லேசாக ஆரம்பித்தது. ஆபீஸ் விடும் நேரத்துக்குள் மயிலாப்பூர், எம்.ஆர்.சி. நகர் பக்கம் 20 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. வானிலை மையமே இந்த அளவை எதிர்பார்க்கவில்லை. சுரங்கப் பாதைகள் மூடப்பட்டன. பஸ்கள் அண்ணா சாலையில் வரிசையாக நின்றன. இடுப்பளவு தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக் கொண்டு வீடு போய்ச் சேர்ந்தபோது நடுராத்திரி. மெட்ரோ ரெயில் கூடுதல் நேரம் ஓடியது. மின்சாரம் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள். அன்று மார்கழி 15!

குளிர் எங்கிருந்து வருகிறது?

பனி விழுந்தால் மழை போய்விட்டது என்று ஒரு கணக்கு உண்டு. அதில் பாதி உண்மை. மேகம் தரைக்குப் போர்வை மாதிரி. பகலில் ஏறிய சூட்டை இரவில் வெளியே விடாது. வடகிழக்கில் இருந்து வறண்ட வாடைக் காற்று வந்து வானம் துடைத்து விட்டாற்போல் ஆகும்போது, போர்வை விலகி விடுகிறது. தரை சூட்டை இழக்கிறது. விடியற்காலையில் இலையிலும் ஸ்கூட்டர் சீட்டிலும் பனித்துளி.

ஆகவே பனி சொல்வது, நேற்று ராத்திரி மேகம் இல்லை என்பதை மட்டும்தான். மூன்று நாள் கழித்து வங்கக் கடலில் என்ன கிளம்பும் என்று பனிக்குத் தெரியாது. பனி விழுந்து கொண்டிருக்கும் நாட்களில் திடீரென்று ஒரு விடியல் வெதுவெதுப்பாக இருந்தால், காற்று கிழக்கே திரும்பிக் கசகசவென்று இருந்தால், பெரும்பாலும் மேகம் திரும்பி வருகிறது என்று அர்த்தம். மப்ளரைக் கழற்றிப் போட்டு விட்டுச் சந்தோஷப்படுகிற அந்த நாளில்தான் ரேடியோச் செய்தியைக் கேட்க வேண்டும்.

நம் ஊர்க் குளிர் ஒன்றும் பெரிய குளிர் இல்லை. பக்கத்தில் கடல் கிடப்பதால் ராத்திரி வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே பத்திரிகையில் போடுகிறார்கள். கடலை விட்டுத் தள்ளி இருக்கும் மீனம்பாக்கம், நுங்கம்பாக்கத்தை விடக் கொஞ்சம் அதிகமாக நடுங்கும். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானத்தைப் பார்க்க நிலையம் இருக்கிறது. சென்னையில் பதிவான மிகக் குறைந்த அளவு 13.9 டிகிரி. அது 1905 ஜனவரியில். தேங்காய் எண்ணெய் உறைய 24 டிகிரியே போதும்! அதனால்தான் இங்கே வீட்டுக்கு வீடு அந்த பாட்டில் தெர்மாமீட்டர் வேலை பார்க்கிறது.

ஆனால் "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் இருந்து முதல் ரெயிலைப் பிடிப்பவர்களுக்குத் தெரியும். எதிரே வரும் ரெயிலின் விளக்கு பிளாட்பாரத்துக்கு வந்த பிறகுதான் தெரிகிற நாட்கள் தை மாதத்தில் உண்டு. காற்று அசையாத அந்த விடியலில் பூமிக்கு மேலே ஒரு மூடி போட்ட மாதிரி ஆகி, கீழே எரிக்கும் புகை மேலே போக முடியாமல் தங்கி விடுகிறது. 2018 ஜனவரி 13, போகிப் பண்டிகை. பழைய பாயோடு டயரையும் சிலர் கொளுத்த, புகையும் மூடுபனியும் கலந்து மீனம்பாக்கத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை. விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பி விட்டார்கள்.

முழம் என்ன விலை?

பனி பட்ஜெட்டிலும் விழுகிறது. மல்லிகைக்குப் பனி ஆகாது. மொக்கு கருகும், வரத்து விழும். மதுரை மார்க்கெட்டில் டிசம்பர், ஜனவரியில் கிலோ 2 ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சகஜம்.

"இன்னாம்மா, முழம் அம்பது ரூவாயா?"

"நான் இன்னா பண்ணட்டும் கண்ணு? பனி கொட்டுது, மொக்கே வரலியாம். கனகாம்பரம் வேணா வச்சுக்கயேன்."

முருங்கைக்காயும் அப்படியே. 2024 டிசம்பரில் கிலோ 300 ரூபாயைத் தாண்டியபோது, ஓட்டல் சாம்பாரில் முருங்கைக்காயைத் தேட வேண்டி இருந்தது. கல்யாணம் இல்லாத மார்கழியில் பூவும் காயும் இந்த விலை என்றால், தை முகூர்த்தத்தில் சொல்லவே வேண்டாம்.

தார்ப்பாயை எப்போது அவிழ்ப்பது?

மழையில் அடிபட்ட பகுதிகளில் சிலர் பாடம் படித்து இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், மழை விழுவதற்கு முன்பே வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டு போய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. தண்ணீருக்குள் போன கார் என்ஜினுக்கு மெக்கானிக் ஷெட்டில் என்ன பில் வரும் என்பது சிரித்தவர்களுக்குத் தெரியாது.

அதே ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13-ந் தேதி தீபத்துக்கு மலை உச்சிக்கு ஏறப் பக்தர்களை விடவில்லை. மழை நிற்கும் நாள் என்று நாம் குறித்து வைத்த தீபமே அந்த வருஷம் மழைக்கு அடங்கி நடந்தது.

கடைக்காரர்களுக்கு இது காசு விஷயம். தரையோடு கிடக்கும் மூட்டையை இன்னும் ஒரு மாதம் பலகை மேலேயே விட்டு வைத்தால் நஷ்டம் இல்லை. பில் புத்தகம், கணக்கு நோட்டு, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தால் மேல்தட்டுக்கு மாறட்டும். 2015-ல் கீழ்த்தட்டில் வைத்தவர்கள், நகல் வாங்க எத்தனை ஆபீஸ் படி ஏறினார்கள் என்று கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

பருவமழை விலகியது என்று வானிலை மையம் முறையாக ஒரு அறிவிப்பு விடும். பண்டிகை பார்த்து அல்ல, காற்றையும் மழையையும் பார்த்து. 2021 ஜனவரியில் பொங்கல் வரை கொட்டிய மழையில், டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. 2024 பருவத்துக்கு அந்த அறிவிப்பு வந்தது 2025 ஜனவரி கடைசி வாரத்தில். அதற்குள் போகி, பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் முடிந்து, கடைகளில் கரும்புக் கட்டும் தீர்ந்து போய் இருந்தது.